களத்தின்மேல் கூடாரம்

வாய்ப்புள்ளவன் ஒருவன் வேண்டுமென்றே ஓரிரவு எளியவனைப்போல் தரையில் படுத்தெழுந்தால், அஃது அறமாகுமா, பொழுதுபோக்காகுமா, அன்றி எளியோரைப் பழித்துக் காட்டும் செயலாகுமா? இவ்வினாவை நாம் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டோமில்லை. சாம்பியன் ரீப்ஸ் லைன் ஒன்றில் வாழும், எண்பது வயதைக் கடந்த ஆயா ஒருவர் நம் முகத்துக்கு நேரே கேட்டது இது. அவருடைய சொற்கள் வேறு; பொருள் இதுவே.

ஆயாவின் பேரன் பெங்களூருவில் கணக்குவேலை பார்ப்பவர். விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறி இருட்டிய பின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானோருள் ஒருவர். சென்ற பொங்கல் விடுமுறையில் அவரும் நண்பர்களும், பேத்தமங்கலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், உழவர் ஒருவருடைய நிலத்தில் கூடாரமடித்து இரண்டு இரவு தங்குவதென முடிவு செய்தனர். நம்மையும் சேர்த்துப் பத்துப் பேர். கூடாரங்கள் நான்கும் வாடகைக்கு வந்தன. நிலத்துக்குரியவருக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவென்று பேசி, அதில் ஒரு பகுதி முன்பணமாகவும் அனுப்பப்பட்டது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஆயா விவரங்கேட்டார்; சொன்னோம்.

“இன்னாடா இது? உங்க தாத்தன் தட்டி ஊட்லயே பொறந்து, தட்டி ஊட்லயே செத்தாரு. ஒருத்தனும் துட்டு குடுத்துட்டு வந்து எங்க பக்கத்துல படுக்கல. இப்ப நீ துட்டு குடுத்துட்டுக் குடிசையில படுக்கப் போறியா?”

இளைஞர் சிரித்தனர். நாமும் சிரித்தோம், எனினும் வழியெல்லாம் அச்சொல் நம்மை விடவில்லை.

இக்காலத்து இளைஞருக்குத் தட்டிவீடு இன்னதென்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கவேலை தொடங்கிய பின், வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம்மவர் குடும்பங் குடும்பமாக வந்திறங்கினர். மூங்கில் தட்டியே சுவராகவும் மண்ணே தரையாகவும் உள்ள ஒற்றையறையே அவர்களுக்கு வாய்த்த உறையுள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தது. தொழிலாளியின் தட்டிவீட்டிலோ அதன் பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மூவாயிரம் மீட்டரையும் கடந்த ஆழத்தில் பாறையின் வெப்பத்திலும் பாறை வெடிப்பின் அச்சத்திலும் உழைத்தவன், மேலே வந்து படுத்த இடம் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டபோது, பல குடும்பங்களுக்கு மிஞ்சியது லைன் வீட்டின் நான்கு சுவரே.

தட்டிவீட்டுக்கும் இளைஞர் எடுத்துச் சென்ற கூடாரத்துக்கும் சுவரின் கனத்தில் பெரிய வேற்றுமை இல்லை. உண்மையில் நைலான் துணி தட்டியினும் மெல்லியது. குளிர் இரண்டினுள்ளும் புகும். பக்கத்தில் இருப்பவன் இருமினால் இரண்டிலும் கேட்கும். வேற்றுமை வாயிலில் இருக்கிறது. கூடாரத்துள் படுப்பவன் வேண்டாமென்று தோன்றிய நொடியில் எழுந்து வீடு திரும்பலாம். தட்டிவீட்டில் படுத்தவனுக்குத் திரும்பிப் போக வேறு வீடு இல்லை. விட்டுவந்த ஊரில் அவனுக்குக் காணி இல்லை. திரும்பிச் செல்லும் வழியுள்ள எளிமையும், வழியடைக்கப்பட்ட வறுமையும் ஒரே பெயருக்குரியன அல்ல. ஆயாவின் சினத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் அதனால் விரும்பி ஏற்கும் எளிமை எல்லாம் பொய்யென்று முடித்துவிடலாமா? முடித்தால், அரண்மனையை விட்டு மரத்தடிக்கு வந்த சாக்கியகுமாரர் செய்ததும் வறியோரைப் பழித்ததாகவே முடியும். அவ்வாறு சொல்வார் எவருமிலர். அவர் வாழ்நாள் முழுவதும் துறந்தார், நம் இளைஞர் இரண்டு நாள் துறந்தனர், வேற்றுமை நாட்கணக்கில் உள்ளது என்பார் சிலர். நமக்கு அது போதிய விடையாகத் தோன்றவில்லை. இரண்டு நாளும் மெய்யாக இருக்கலாம்; இருபதாண்டும் வேடமாக இருக்கலாம். நாம் காணும் வேற்றுமை இது. திருவோடேந்தி வருபவனுக்கு உரிமை பேச வழியில்லை. கொடுத்ததைக் கொள்ளவேண்டும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவேண்டும், ஒன்றும் கிடைக்கவில்லையேல் வாய் திறவாது அடுத்த வாயிலுக்கு நடக்கவேண்டும். பணங்கொடுத்து வருபவன் எவ்வளவு மெல்லிய துணியின்கீழ் படுத்தாலும், உரிமை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே படுக்கிறான். இது வழியில் தோன்றிய எண்ணம் அன்று. மறுநாட் காலையில் நமக்குக் கிடைத்த பாடம். அந்த நிகழ்ச்சியை உள்ளபடி சொல்கிறோம். குற்றம் முழுவதும் நம்முடையது.

நாம் சென்ற நிலம் பெரிதன்று. மூன்று ஏக்கரளவில் கேழ்வரகு, அதனிடையே சாலுக்குச் சால் அவரை, ஒருபுறம் பட்டுப்பூச்சிக்கான மல்பெரி, நான்கு மாமரங்கள், இரண்டு கறவைப் பசுக்கள். கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஆயிரம் அடிக்குமேல் துளைத்தும் நீர் காணாத ஆழ்குழாய்க் கிணறுகளுக்குக் குறைவில்லை. பெங்களூரு நகரம் கழித்துவிட்ட நீரைச் சுத்திகரித்து 2018 முதல் இம்மாவட்டத்து ஏரிகளில் விடுகின்றனர். ஆதலின் நகரத்திலிருந்து நாட்டுப்புறத்துக்கு வந்து தங்குவனவற்றுள் கூடாரக்காரரே முதலிடத்தார் என்று எவரும் பெருமை கொள்ளவேண்டா!

அறுவடை முடிந்து வயல் தாளடியாகக் கிடந்தது. பொழுது சாயும் வேளையில் போய்ச் சேர்ந்தோம். நிலத்துக்குரிய பெரியவர் தெலுங்கு பேசுபவர். அறுத்த வயலின் மேட்டுப்பக்கம் கைகாட்டி, அங்கே தங்கலாம் என்றார். அங்கே தாளின் அடிக்கட்டைகள் முள்ளாக நின்றன. அதற்கு இப்பால், புளியமரத்தருகே, வட்டமாய், மட்டமாய், உள்ளங்கைபோல் வழவழப்பான ஓரிடம் இருந்தது. இளைஞர் அதைக் கண்டு, இங்கேயே அடித்துக்கொள்ளலாமா என்றனர். பெரியவர் சற்று நேரம் அவ்விடத்தைப் பார்த்தார். பிறகு, சரி என்றார்.

நான்கு கூடாரங்கள், முப்பதுக்குக் குறையாத இரும்பு முளைகள். தரை இறுகியிருந்தமையால் கல்லெடுத்து அடித்து இறக்கினர். ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய குவியல் ஒன்று இருந்தது. நல்ல திண்ணையென எண்ணி மூட்டைகளை அதன்மேல் வைத்தோம். பெரியவரின் தாயார், அவ்வா என்று எல்லாரும் அழைக்கும் முதியவர், களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் செய்து கொடுத்தார். அன்றிரவு வானத்தில் கண்ட மீன்களைப் பற்றி நம் இளைஞர் இன்னும் பேசுகின்றனர். அதை அவர்களிடமே கேட்டுக்கொள்க.

கண் விழித்தபோது பொழுது ஒரு பனை உயரம் ஏறியிருந்தது. வெளியே வந்தால், அந்த வட்டத்தின் விளிம்பில் பெண்கள் இருவர் முக்காடிட்டு, மடியில் முறத்தோடு குந்தியிருந்தனர். பெரியவர் புளியமரத்தின் இலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இலைகள் நன்றாக அசைந்துகொண்டிருந்தன. அவ்வா நம் முகங்களைப் பார்க்கவில்லை, முளைகளைப் பார்த்தார்.

நம் தாத்தன்மார் உடனே கண்டிருப்பர். நமக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. நாம் படுத்திருந்தது களம். தார்ப்பாயின்கீழ் இருந்தது முன்னமே போரடித்து ஒதுக்கிய கேழ்வரகு. அன்று காலை அதைத் தூற்றுவதாக இருந்தனர். தூற்றக் காற்று வேண்டும், காற்று வந்துவிட்டது. தூற்றக் களம் வேண்டும். களத்தின்மேல் நாம் உறங்கிக்கொண்டிருந்தோம். விடியலில் கூலிக்கு வந்த பெண்கள் நால்வர். இரண்டு மணிநேரம் இருந்து பார்த்து, இருவர் வீடு திரும்பிவிட்டனர்.

உடனே கூடாரங்களைப் பிடுங்கினோம். பிடுங்கிய பிறகே செய்த கேடு முழுதும் தெரிந்தது. கேழ்வரகு கடுகினும் சிறிது பெரிதாகாத தானியம். நெல்லுக்கு ஏற்ற களம் அதற்கு ஏலாது; மயிரிழை வெடிப்பிருந்தாலும் அதனுள் இறங்கிவிடும், இறங்கியதைப் பெருக்கியெடுத்தால் மண்ணோடு வரும். ஆதலின் நிலத்தை நனைத்து, மட்டமாக்கி, திமிசால் இடித்து, சாணங்கரைத்து மெழுகி, காயவிட்டு, மறுபடி மெழுகிக் களஞ்செய்கின்றனர். அவ்வாறு செய்து முடித்த களத்தில் முப்பது துளைகள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நாற்புறம் ஓடிய வெடிப்பு.

நாம் பெரியவரிடம், நேற்றே வேண்டாமென்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றோம். அவர் விடை சொல்லவில்லை. அப்படிக் கேட்டதே இரண்டாவது குற்றம் என்று இப்போது தோன்றுகிறது. முன்பணம் வாங்கியாயிற்று, மழை பொய்த்த ஆண்டில் அப்பணம் அவருக்குச் சிறிதன்று, பாக்கி இனிமேல்தான் வரவேண்டும். பணங்கொடுப்பவன் இங்கேயா என்று கேட்டால், அது கேள்வியின் வடிவில் வரும் கட்டளை. சற்று நேரம் அவர் அந்த இடத்தைப் பார்த்தாரே, அதுவே அவர் சொன்ன வேண்டாம். அதைக் கேட்கும் செவி நமக்கிருக்கவில்லை. விருந்தாக வந்திருந்தால் விருந்தோம்புவான் உரிமையோடு அங்கே வேண்டாம், இங்கே வா என்று கையைப் பிடித்திழுப்பான். விலைகொடுத்து வந்தோம், ஆதலின் மரியாதை கிடைத்தது, உண்மை கிடைக்கவில்லை.

நிற்க. பெரியவருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வழியுண்டு. அவர் பேரத்தில் ஒரு கட்சி. வீடு திரும்பிய பெண்கள் இருவரும் எந்தப் பேரத்தில் கட்சி? நமக்கும் உழவருக்கும் நடந்த பேச்சில் அவர்கள் பெயரில்லை. நாம் தங்குவதற்கு அவர்கள் சம்மதம் கேட்கப்படவில்லை. நாம் கொடுத்த பணத்தில் ஒரு காசும் அவர்கள் கைக்குப் போகாது. ஆயினும் நம் உறக்கத்தின் விலையை முதலில் கொடுத்தவர் அவர்களே. யாருக்கும் தீங்கில்லாத எளிய பொழுதுபோக்கு என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதைக் கொள்வோனும் கொடுப்போனும் இசைந்துவிட்டால் நியாயம் முடிந்தது என்று இக்காலத்து உலகம் கருதுகிறது. முடியவில்லை. களத்தின் விளிம்பில் முறத்தோடு ஒருவர் குந்தியிருக்கிறாரா என்று பார்த்தபின்பே அது முடியும்.

அந்த விளிம்பு நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் வடார்க்காட்டிலும் செங்கற்பட்டிலும் நின்ற இடம் அதுவே. உழுதவரும் நட்டவரும் அறுத்தவரும் அடித்தவரும் அவர்களே. ஆயினும் நெல் அளக்கும்போது களத்துக்குள் கால்வைக்காமல், ஓரத்தில் துணியை விரித்துக்கொண்டு, மற்றவர்க்கெல்லாம் அளந்த பின் தமக்குரிய மரக்காலுக்குக் காத்திருந்தனர். களத்தில் அளக்கும் அப்பங்குகளுக்குச் செங்கற்பட்டுச் சீமையின் பழைய வருவாய்க் கணக்குகளில் ‘சுதந்திரம்’ என்று பெயர். எவ்வளவு நல்ல சொல், எவ்வளவு சிறிய அளவைக்கு! அந்த ஓரத்தில் நின்று நின்று கால் கடுத்தவர்களே தங்கவயலுக்கு இரயிலேறி வந்தனர். அவர்களுடைய பேரர்களாகிய நாம் முதன்முதலாகக் களத்தின் நடுவே இடம் பெற்றோம். பெற்ற அன்றே ஓரத்தில் இரண்டு பெண்களைக் காத்திருக்க வைத்தோம். இதை எழுத நமக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

வெளியில் தங்குவோனுக்கும் விளைநிலத்துக்கும் உள்ள இவ்வழக்கு மிகப் பழமையானது என்பதை நம் அன்பர்கள் அறிவர். விநயபிடகத்தின் மகாவக்கத்தில் மழைக்காலத் தங்கல் ஏற்பட்ட வரலாறு கூறப்பட்டுள்ளது. பிக்குகள் பனிக்காலம், கோடை, மழைக்காலம் எனக் காலம் பாராமல் நடந்துகொண்டே இருந்தனர். பசும்புல்லை மிதிக்கின்றனர், ஓரறிவுயிர்க்கு ஊறு செய்கின்றனர், எண்ணற்ற சிற்றுயிர்களை மாய்க்கின்றனர் என்று இராசகிருகத்து மக்கள் முறையிட்டனர். மற்ற சமயத்தாரும் மழைக்காலத்தில் ஓரிடத்தில் அடங்குகின்றனர், பறவைகளும் கூடுகட்டி அடங்குகின்றன, இவர்கள் மட்டும் அடங்கவில்லை என்றும் குறைகூறினர். இதில் நாம் கவனிக்கவேண்டியது, பிக்குகள் தீயவர் என்று எவரும் சொல்லவில்லை. அவர்கள் ஈயையும் கொல்லக் கருதாதவர்கள். கருதாமலே மிதித்தனர் என்பதே குறை. பகவன் அதற்கு விடையாக, நம்மவர் உள்ளத்தில் தீமை இல்லையே என்று வாதாடவில்லை. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்குக என்று விதி செய்தார். பச்சைப் பயிரின்மேல் எச்சில் உமிழ்தலும் மலசலங் கழித்தலும் ஆகா என்னும் விதியும் அதே விநயத்தில் உண்டு. கூடாரமடிக்கச் செல்வோர் மனத்தில் கொள்ளத்தக்க விதி அது. மேலும் விரித்துரைக்க வேண்டா.

இன்றைய நாடுகளுள் நார்வேயின் சட்டம் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே உழாத நிலம் யாருடையதாயினும், எவரும் அதில் நடக்கலாம், கூடாரமடித்துப் படுக்கலாம் என்பது தொன்றுதொட்ட வழக்கு. 1957-இல் அது சட்டமாகவும் எழுதப்பட்டது. குடியிருக்கும் வீட்டுக்கு 150 மீட்டருக்கு இப்பால் கூடாரம் அடிக்கலாகாது. விளைநிலத்திலோ நிலம் உறைந்தோ பனி மூடியோ கிடக்கும்போது மட்டுமே கால் வைக்கலாம். ஏப்ரல் 30 முதல் அக்டோபர் 14 வரை அதுவுமில்லை. கூடாரத்துக்கு உரியவரின் இசைவு வேண்டும். இராசகிருகத்துக் குடியானவன் இச்சட்டத்தைக் கேட்டிருந்தால் தன் முறையீட்டையே வேறு மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்றிருப்பான். பயிருக்கென்று ஒரு காலம் உண்டு. வழிப்போக்கனின் விருப்பம் அக்காலத்துக்கு அடங்கவேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள கருத்து.

உழவுக்காரர் பாரத்துவாசரின் விதைப்பு நாளில் பகவன் சென்று நின்ற வரலாற்றை இவ்விடத்தில் சிலர் நினைவுகூர்வர். நாமும் உழவன் நிலத்துக்குத்தானே சென்றோம் என்று அதை நமக்குச் சான்றாகக் காட்ட முடியாது. ஐந்நூறு ஏர் பூட்டிய அந்நிலத்தில் அவர் சென்றது உணவு பகிரும் நேரத்தில், நின்றது ஒருபுறமாக. படைச்சாலின் குறுக்கே அவர் நிற்கவில்லை.

ஆனால் உழவு நிலத்தில் வெளியார் வந்து தங்குவது எப்போதும் உழவனுக்குச் சுமையா? அன்று. நம் நாட்டில் பன்னூறாண்டாக நடந்துவரும் தங்கல் ஒன்றுண்டு. நகரத்தார் கண்ணில் அது படுவதில்லை. அறுவடைக்குப் பின் இடையர் ஆட்டு மந்தையோடு வருவர். கன்னட நாட்டில் குருபர், தமிழ்நாட்டில் கோனார். தாளடியில் கிடை போடுவர். சுற்றிப் படல் கட்டி ஆடுகளை அடைத்து, பக்கத்தில் கூண்டின்கீழோ வெறுந்தரையிலோ அவர்கள் படுப்பர். ஓரிரவு ஒரு துண்டு நிலத்தில். மறுநாள் படலைப் பெயர்த்து அடுத்த துண்டில். இதற்கு அவர்கள் உழவனுக்குப் பணங்கொடுப்பதில்லை. உழவனே அவர்களுக்குத் தானியமோ பணமோ கூலியாகக் கொடுக்கிறான். அவர்கள் படுத்தெழுந்த நிலம் புழுக்கையும் மூத்திரமும் பெற்று உரமேறுகிறது. எந்த வயலில் எத்தனை இரவு என்பதை மந்தைக்காரன் தன் கண்ணுக்கு அழகான இடம் பார்த்து முடிவு செய்வதில்லை. எந்த நிலத்துக்கு உரம் வேண்டுமோ அதை உழவன் காட்டுகிறான், அங்கே அடைக்கிறான். மகாவக்கத்திலும், பிக்கு ஒருவன் மழைக்காலத்தை ஆயர் பட்டியில் கழிக்கலாம் என்றும், பட்டி பெயர்ந்தால் அதனுடன் தானும் பெயரலாம் என்றும் பகவன் இசைவளித்திருக்கிறார். குடையின்கீழ் மட்டும் அம்மழைக்காலத்தைக் கழிக்கலாகாது என்ற விதியும் அங்கேயே உண்டு. ஆட்டிடையனுடைய கூரை நம் கூடாரத்தைவிடத் தாழ்ந்தது; படுக்கை அதனினும் கடினம். ஆயினும் எளிமை என்ற சொல்லை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவனுக்கு அது வேலை.

நாமெல்லாம் ஆட்டுக்கிடைபோல் ஆகவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை, நகைப்பார் நகைப்பர். கேட்பது இவ்வளவே: நாம் படுத்தெழுந்த பிறகு அந்நிலத்து வேலை எவ்வளவு பின்வாங்கிற்று, எவ்வளவு முன்னேறிற்று?

அன்று பகல் முழுதும் அவ்வாவின் ஆணைப்படி நடந்தோம். புற்றுமண் வெட்டி வந்து நீர்விட்டுக் குழைத்து ஒவ்வொரு துளையாக அடைத்தோம். திமிசு ஒன்றே இருந்தது, மாறிமாறி இடித்தோம். தண்ணீர் தொட்டியில் இருந்தது லாரியில் விலைக்கு வாங்கிய நீர் என்பதை முதல் குடத்திலேயே அவ்வா சொல்லிவிட்டார். இரண்டாவது குடத்தை அளந்து எடுத்தோம். சாணத்தில் கைவைக்க இளைஞர் இருவர் தயங்கினர். ஒருவர் கையுறை உண்டா என்று கேட்டார். அவ்வாவுக்கு அச்சொல் விளங்கவில்லை, விளங்காதது நன்றே. மாலையில் இரண்டாம் மெழுக்கு முடிந்தது. நம் வேலையைப் பார்த்த அவ்வா, மூன்று இடத்தில் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, அம்மூன்றையும் தாமே மறுபடி மெழுகினார். அன்றிரவு பெரியவர் முதலில் காட்டிய மேட்டுப்பக்கத்திலேயே கூடாரங்களை அடித்தோம். தாளின் அடிக்கட்டைகள் முதுகில் குத்தின.

வீடு திரும்பிய பெண்கள் இருவரையும் காணப் பிற்பகலில் ஆயாவின் பேரனும் நாமும் போனோம். ஊருக்கு வெளியே, சாலை திரும்பும் இடத்துக்கு அப்பால், தனியாக ஒரு தெரு. இன்ன தெரு என்று கேட்டறியவேண்டிய அவசியம் நமக்கு இருக்கவில்லை. ஒருவர் வீட்டில் இல்லை, விறகுக்குச் சென்றிருந்தார். மற்றவரிடம் இருவருடைய நாட்கூலியையும் கொடுத்தோம். அவர் வாங்கி, எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார். நன்றி சொல்லவில்லை, சொல்லவேண்டிய காரணமும் இல்லை. நாளைக்குக் களம் காலியாக இருக்குமா என்று மட்டும் கேட்டார். இருக்கும் என்றோம்.

பெரியவரிடம் ஒரு நாள் வேலை கெட்டதற்குத் தனியாகப் பணம் நீட்டினோம். பேசிய தொகையை வாங்கிக்கொண்டார், மிகுதியைத் திருப்பிவிட்டார். மெழுகினீர்களே, அது போதும் என்றார். அன்றிரவு முதன்முறையாக நம்மோடு உட்கார்ந்து பேசினார். மழையைப் பற்றியும், அவரைக்கு இவ்வாண்டு விழுந்த விலையைப் பற்றியும், தம் மகன் பெங்களூருவில் வண்டியோட்டுவதைப் பற்றியும் பேச்சு நடந்தது. மகனும் நம் இளைஞரும் ஒரே இரயிலில் செல்பவர்களாக இருக்கலாம். மூன்றாம் நாள் விடியுமுன்பே, வேலைக்குப் போகவேண்டிய இளைஞர் இரயிலைப் பிடிக்கவேண்டுமென்று, இருட்டிலேயே புறப்பட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிறு ஆயாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னோம். அவர் நம்மைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். திட்டவில்லை. சாணத்தோடு என்ன கலந்தீர்கள் என்று கேட்டார், புற்றுமண் என்றோம், கொஞ்சம் சாம்பலும் போட்டிருக்கவேண்டும் என்றார். தம் தாயார் வந்தவாசிப் பக்கம் ஒரு களத்தில் மெழுகுவேலைக்குப் போனதைச் சொன்னார். மெழுகியவர்கள் அதன்மேல் நடந்ததில்லையாம். பின்னோக்கியே மெழுகிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்களாம். பிறகு சற்று நேரம் பேசாதிருந்தார்.

“சரிடா, மறுநா காத்து வந்துச்சா?”

நாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்துப் பேரில் ஒருவரும் அதைக் கேட்டறிந்திருக்கவில்லை. பேரன் கைபேசியை எடுத்துக்கொண்டு வாசற்பக்கம் போனார்.